தொட்டியக்காவும் கண் தெரியாத திருக்கையும்

மீன் என்றால் எனக்குத் தட்டில் இருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் நீந்திக்கொண்டு என்னை வெறித்துப் பார்க்கிற மீனோடு எனக்கு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. ஆனால் வயிற்றுப்பாடு மனிதனை எங்கெங்கோ கொண்டுபோய் உட்கார வைக்கிறது. என்னை ஒரு மீன் காட்சியகத்தின் வாசலில், டிக்கெட் கொடுக்கிற சன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தது. அங்கே நான் பார்த்துப் பார்த்து அசந்துபோன ஒரு மனுஷியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். கூடவே ஒரு மீனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு அவளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது.

எங்களுக்கு அவள் தொட்டியக்கா. பெரிய தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவள் என்பதால் வந்த பெயர். என்னைவிட வயதில் இளையவள்தான். ஆனால் மேனேஜரிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்ட பிறகு நான் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நன்றாகவா இருக்கும்? அவளோ என்னை டிக்கெட்டண்ணே என்பாள். இப்படி ஒருவரை ஒருவர் மூத்தவராக்கிக்கொண்டே பல வருடங்களை ஓட்டிவிட்டோம்.

முதலில் அவள் தீனி அறையில் மீன் வெட்டத்தான் வந்தாள். உறைந்த இறாலைத் தண்ணீரில் இளக்கி, கணவாயைக் கீறி, எந்தத் தொட்டிக்கு எவ்வளவு என்று எடை போட்டு வைக்கிற வேலை. தலையில் வலைத்தொப்பி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் எப்போதும் காயாத ஈரம். வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகாமல் எந்த மீன் எதை முதலில் தின்கிறது, எது மிச்சம் வைக்கிறது என்று நின்று பார்ப்பாள். மீனுக்கு வைட்டமின் மாத்திரை கொடுக்க ஆட்கள் பாடாய்ப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மாத்திரையை இறால் தலைக்குள் செருகி அனுப்பியவள் இவள்தான். அதைப் பார்த்த மேனேஜர் பெரிய தொட்டியையே இவளிடம் ஒப்படைத்தார்.

பொறுமைசாலி என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடியை யாராவது தட்டிவிட்டால் போதும், எங்கிருந்தாலும் வந்து நிற்பாள். ஒருமுறை ஒரு கனவான் மோதிரக் கையால் டொக் டொக்கென்று தட்டி மீனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா அவர் பின்னால் போய் நின்று அவர் காதோரம் அதேபோல் ஒரு தட்டு தட்டினாள், கையில் இருந்த எவர்சில்வர் தட்டில். மனிதர் துள்ளிவிட்டார். "உங்களுக்கே இப்படி இருக்கே சார், உள்ள இருக்கிறதுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். புகார் என்னிடம்தான் வந்தது. காது சரியாகக் கேட்காதவன்போல் நடித்துச் சமாளித்தேன்.

அந்தப் பெரிய தொட்டியில்தான் திருக்கை இருந்தது. தட்டையாக, பழுப்பாக, விரித்துப் போட்ட கோணிச் சாக்கைப்போல மணலில் படிந்து கிடக்கும். வயதானது. வாலில் இருக்கும் விஷ முள்ளை அவ்வப்போது டாக்டர் நறுக்கிவிடுவார். கண் இரண்டிலும் பால்போல் படலம் விழுந்து பார்வை முழுதாகப் போய்விட்டது. அக்கா அதற்கு வைத்த பெயர் மாமியார்.

"ஏங்க்கா, மீனுக்கு வைக்கிற பேரா இது?" என்று கேட்டேன்.

"கண்ணு சுத்தமா தெரியாது அண்ணே. ஆனா வீட்ல எந்த மூலைல யாரு என்ன பண்றாங்கன்னு அத்தனையும் தெரியும். வேற என்ன பேரு வைக்கச் சொல்றீங்க?"

அவளுடைய சொந்த மாமியார் ஒருநாள் காட்சியகம் பார்க்க வந்தபோது மட்டும் அந்தத் திருக்கைக்கு மகாராணி என்று பெயர் மாறியது. நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பெயர் விளையாட்டாக வந்தாலும் விஷயம் உண்மை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் அக்கா அதைச் சொல்லுவாள். கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். "இவளுக்குக் கண்ணு தெரியாது. ஆனா மூக்குக்கு அடியில ஊசி முனை அளவுல நெறைய ஓட்டை இருக்கு, உள்ள கூழு மாதிரி பசை. எந்த உசுரா இருந்தாலும் அதோட உடம்புல துளியூண்டு மின்சாரம் ஓடும். மணலுக்குள்ள ஒரு நண்டு மூச்சு விடாம ஒளிஞ்சிருந்தாலும் இவ அது மேல நீந்திப் போகும்போது அதைக் கண்டுபிடிச்சிடுவா." பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அக்காவுக்கு முகமெல்லாம் பெருமையாக இருக்கும், ஏதோ அவளே அந்த ஓட்டைகளைப் போட்டுவிட்ட மாதிரி.

தொட்டியின் பின்பக்கம், பார்வையாளர் கண்ணில் படாத இடத்தில், மணல் பரப்பிய ஆழமில்லாத ஒரு மேடை உண்டு. அக்கா அதன் விளிம்பில் உட்கார்ந்து கையை மணலில் மல்லாத்தி வைப்பாள். விரலிடுக்கில் ஓர் இறால். திருக்கை மெதுவாக வந்து அவள் கையின் மேல் முழுதாகப் படுக்கும். அதற்கு வாய் அடிப்பக்கம். உறிஞ்சுவதும் நொறுக்குவதும் கைக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. தின்று முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கும். அக்காவும் கையை எடுக்க மாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் விலாங்குத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளின் விரலை விலாங்கு கடித்துத் தையல் போடும்படி ஆனது. மேனேஜர் ஓர் உத்தரவு போட்டார். இனி எவரும் எந்தத் தொட்டியிலும் வெறுங்கையை விடக்கூடாது, கம்பும் இடுக்கியும்தான். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அக்கா முணுமுணுத்தாள். ஆனால் ஒரு வேலையைச் செய்வதென்றால் அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது. வந்திருந்த இடுக்கி குட்டையாக இருந்தது. சன்னல் துடைக்கிற நீளமான அலுமினியக் கம்பு ஒன்றைத் தேடிப் பிடித்து, தீனி அறையின் எவர்சில்வர் இடுக்கியை அதன் முனையில் வைத்து, போல்ட் போட்டு இறுக்கி, கயிறு இழுத்தால் திறக்கும்படி தானே செய்துகொண்டாள். பார்க்க அம்சமாக இருந்தது. மேனேஜர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மற்ற தொட்டிகளுக்கும் இதேபோல் செய்யலாம் என்றார்.

மற்ற மீன்கள் முதல் நாளே கம்பிலிருந்து லபக் லபக்கென்று பறித்துத் தின்றன. திருக்கை மட்டும் வரவில்லை.

புதுப் பொருள் என்றால் விலங்கு மிரளத்தான் செய்யும். அதற்கு இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் செய்கிற வைத்தியம் ஒன்று உண்டு. எதைப் பார்த்து மிரளுகிறதோ அதை எடுக்காதே, பக்கத்திலேயே போட்டு வை. நாளாக ஆகப் பயம் தெளிந்துவிடும். அக்காவும் அதைத்தான் செய்தாள். தீனி கொடுத்து முடித்ததும் கம்பை எடுக்காமல், இடுக்கி மேடை மணலில் படும்படி தொட்டி விளிம்பில் மாட்டி வைத்தாள். காலையும் மாலையும் இரவும் அது அங்கேயே நின்றது.

திருக்கை தொட்டியின் தூரத்து மூலைக்குப் போய், சுவரை முட்டிக்கொண்டு படுத்துவிட்டது. நாட்கள் வாரங்களாயின. இடுப்புக் குருத்தெலும்பு தோலை முட்டிக்கொண்டு தெரிய ஆரம்பித்தது. டாக்டர் ஒரு பெண், நல்ல கெட்டிக்காரி. ரத்தம் எடுத்துப் பார்த்தார், தண்ணீரைச் சோதித்தார், குழாய் வழியாகக் கூழ் ஊட்டினார். ஒவ்வொரு முறையும் அந்தப் பிராணி துடித்த துடிப்பைப் பார்க்கச் சகிக்காமல் அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"என் மேல கோவம் அண்ணே அவளுக்கு" என்று என்னிடம் சொன்னாள். "இத்தனை வருஷம் கையால குடுத்துட்டு திடீர்னு கம்பை நீட்டினா? வேண்டாதவளுக்குப் போடுற மாதிரி எட்ட நின்னு போடுறேன்ல? ரோஷம் இருக்காதா?"

மீனுக்கு ரோஷமா என்று சிரிக்க வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாக என் சொந்தக் கண்டுபிடிப்பை எடுத்து விட்டேன். எதிர்க் கட்டடத்து மாடியில் புதிதாக செல்போன் டவர் வைத்திருந்தார்கள். அதனால்தான் மீனுக்கு மனசு சரியில்லை என்றேன். என் போனுக்கு வந்த வீடியோ ஒன்றையும் ஆதாரமாகக் காட்டினேன். டாக்டர் கேட்டுவிட்டு, "உப்புத் தண்ணிக்குள்ள அந்த சிக்னல் போகாதுங்க. மேலயே நின்னுடும்" என்றார். நான் வாங்கிக் கட்டிக்கொண்டு சன்னலுக்குத் திரும்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜரும் டாக்டரும் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்கள். இனிமேலும் குழாய் வழியாக ஊட்டுவது சித்திரவதை. திங்கட்கிழமைக்குள் தானாகத் தின்னாவிட்டால், ஊசி போட்டு நிம்மதியாகத் தூங்க வைத்துவிடுவதுதான் நல்லது. அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு வந்து, தீனி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கதவைச் சாத்தி நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

அன்று மாலை கம்பின் போல்ட் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள்தானே, எதற்கு என்று விட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவள் அதைக் கழற்றி ஒரு சாக்கில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனாள். நடந்ததையெல்லாம் மறுநாள் அவளே என்னிடம் சொன்னாள்.

அவள் வீட்டுக்காரர் படகு எஞ்சின் மெக்கானிக். கம்பை வாங்கி, ஸ்பானரைப் போட்டு ஒரு திருகு திருகினார். போல்ட்டைச் சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகத் தூள் உதிர்ந்தது. அலுமினியம் பொரிந்து குழி விழுந்திருந்தது.

"எவன் இதைப் பூட்டினது?"

"எவனும் இல்லங்க. நான்தான்."

"அலுமினியத்தையும் எவர்சில்வரையும் சேத்துப் பூட்டி உப்புத் தண்ணில போட்டியா? நல்லா பண்ணே போ. ரெண்டு உலோகம் ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு உப்புத் தண்ணில கெடந்தா கரண்ட் ஓட ஆரம்பிச்சிடும்மா. ஒண்ணு இன்னொண்ணைத் தின்னுடும். படகுல எங்களுக்குப் பெரிய தலைவலியே இதுதான்."

"கரண்டா? கைக்கு ஒண்ணும் தெரியலையே!"

"உன் கைக்கு எப்படித் தெரியும்? கொஞ்சூண்டு. எறும்பு கடிச்ச அளவுகூட இருக்காது."

அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருக்க, அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். மணலுக்குள் ஒளிந்த நண்டின் மின்சாரத்தைக்கூடக் கண்டுபிடிக்கும் என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பாள்! அந்த மூக்குக்குப் பக்கத்தில், அதுவும் பழகட்டும் என்று ஆசை ஆசையாக, ராப்பகலாக ஒரு பேட்டரியை நட்டு வைத்திருக்கிறாள். பேசத் தெரிந்த மாமியாராக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பாள். இது மூலைக்குப் போய்ச் சுவரை முட்டிக்கொண்டு படுத்துவிட்டது.

சனிக்கிழமை காலை நான் சன்னலைத் திறப்பதற்கு முன்பே அவள் வந்துவிட்டாள். நேரே தொட்டியின் பின்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். திருக்கை மூலையில் இல்லை. கம்பு இல்லாத அந்த ஓர் இரவில் அது மேடை வரைக்கும் வந்து, மணலில் படிந்து கிடந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜரும் டாக்டரும் வந்ததும் இரண்டு பேர் முன்னாலும் நின்று சொன்னாள். "அவளுக்கு வயசுக் கோளாறும் இல்ல, வியாதியும் இல்ல. இத்தனை வாரமா நான்தான் அவளைப் பட்டினி போட்டிருக்கேன்." கம்பைக் காட்டி, பொரிந்த இடத்தைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை.

மேனேஜர் நல்ல மனிதர். "விடுங்கக்கா. உபகரணம் சரியில்லைன்னு சொல்லிடலாம்" என்றார்.

"உபகரணம் தானா வந்து தண்ணில குதிக்கல சார். நான் பூட்டினேன், நான் போட்டேன். அப்படியே சொல்லுங்க. நாளைக்கு இன்னொரு ஊர்ல இன்னொருத்தி இதையே பண்ணிடக் கூடாதுல்ல?"

நாற்பது பேர் வேலை செய்கிற இடத்தில் தப்பு என்றால் அது எப்போதும் அடுத்தவர் மேசையில்தான் கிடக்கும். நானும் எத்தனையோ தடவை டிக்கெட் மெஷின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கிறேன். கூப்பிட்டுக் கொடுத்த சாக்குப்போக்கையே வேண்டாம் என்று சொன்ன ஆளை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது.

டாக்டருக்கு ஆர்வம் வந்துவிட்டது. ஆனாலும் ஓர் இரவு இடம் மாறியதை வைத்து முடிவு சொல்ல முடியாதே என்றார். நியாயம்தான். முதலில் ஒரு வெறும் பிளாஸ்டிக் குழாயை மேடையருகே இறக்கினார்கள். திருக்கை அசையவில்லை. பிறகு இரையில்லாமல் அந்தக் கம்பை இறக்கினார்கள். முனை தண்ணீரில் அமிழ்ந்து ஓர் எட்டு தூரம்கூட வந்திருக்காது, திருக்கையின் உடம்பு மொத்தமும் வெட்டி இழுத்தது. மணல் கலங்க, பழைய மூலைக்குப் பாய்ந்து போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. டவர் என்று நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தானே என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. நல்ல வேளை, சொல்லவில்லை.

"இன்னொரு தடவை பண்ணிப் பாத்தா உறுதியாச் சொல்லலாம்" என்றார் டாக்டர்.

"உறுதி வேணும்னா என்னைத் தூக்கிப் போடுங்க தண்ணில" என்றாள் அக்கா. கம்பை வெளியே எடுத்து, அதே இடத்தில் முழங்காலில் வைத்து வளைத்து, சாக்கில் சுற்றித் தூரப் போட்டாள். டாக்டர் சிரித்துவிட்டார். மறுபடி கேட்கவில்லை.

ஆனால் கதை அங்கே முடிந்துவிடவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் பசி வந்துவிடுமா? மத்தியானம் வரை காத்திருந்து, பிளாஸ்டிக் இடுக்கியில் இறால் வைத்து நீட்டினார்கள். திருக்கை பாதி வழி வந்தது. மேலிருந்து ஏதோ இறங்குவது தெரிந்ததும் திரும்பிவிட்டது. மறுபடி நீட்டினார்கள். மறுபடி திரும்பியது. மேலேயிருந்து வருவது எதுவானாலும் வேண்டாம் என்று அது முடிவு கட்டிவிட்டது போலிருந்தது. உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. திங்கட்கிழமை வரைகூடத் தாங்காது என்று டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

அக்கா மேனேஜரைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் போட்ட உத்தரவு, அவரேதான் மீற வேண்டும். கடைசியில், "நானும் இங்கேயே நிக்கிறேன். ஏதாவது ஆச்சுன்னா நான் பாத்துக்கறேன். கையை விடுங்க" என்றார்.

அவள் மோதிரத்தைக் கழற்றினாள். வளையலைக் கழற்றினாள். தலையிலிருந்த ஊசிகளைக்கூட உருவி எல்லாவற்றையும் என் உள்ளங்கையில் வைத்தாள். கூந்தல் அவிழ்ந்து தோளில் விழுந்தது. மேடை விளிம்பில் உட்கார்ந்து, முழங்கை வரை தண்ணீரில் விட்டு, கையை மணலில் மல்லாத்தி வைத்தாள். விரலிடுக்கில் தோலுரித்த ஓர் இறால். கூப்பிடவில்லை. வழக்கமாகச் சளசளவென்று பேசுகிறவள், அன்று மூச்சுகூடச் சத்தமில்லாமல் விட்டாள். தண்ணீர் சில்லென்று இருக்கும். கை மரத்துப்போயிருக்கும். தோள் வலி முகத்தில் தெரிந்தது. அசையவில்லை.

வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மூலையில் அந்தக் கோணிச் சாக்கு உடம்பின் ஓரம் ஒன்று லேசாக எழும்பியது. திருக்கை சுவரை விட்டு விலகி, மணலை முகர்ந்தபடி, நின்று நின்று, வந்தது. மேடை ஓரத்தில் ஒரு தடவை திரும்பப் போவதுபோல் சாய்ந்தது. மேனேஜர் என் தோளை இறுக்கிப் பிடித்தார். திரும்பவில்லை. முன்னால் நகர்ந்து, அவள் விரல் நுனி மேல் மூக்கை வைத்து, அப்படியே நின்றது. அந்த ஊசி முனை ஓட்டைகள் வழியாக அவள் கையில் என்னத்தைக் கண்டதோ. பிறகு மெள்ள மெள்ள ஏறி, முன்பு எப்படிப் படுக்குமோ அப்படியே, உடம்பு முழுவதையும் அவள் கையின் மேல் இறக்கி வைத்துப் படுத்தது.

எங்களுக்கு மேலிருந்து பழுப்பு முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது தின்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கிருந்த ஒரே வழி அக்காவின் முகம். அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் அவள் கண்ணை மூடினாள். பிறகு உதடு துடித்தது. நாலு வாரம் சேர்த்து வைத்தது எல்லாம் கன்னத்தில் வழிந்து தண்ணீரில் சொட்டியது.

"நொறுக்குறா" என்றாள். பிறகு குனிந்து, எங்களுக்காக இல்லாமல் அந்த முதுகைப் பார்த்துக் கேட்டாள்: "அப்போ என் மேல உனக்குக் கோவமே இல்லையாடி?"